பழைய பான்ஷி 350 கியர் பாக்ஸுக்கு எந்த ஆயில்?

புழுதிப்பாதை

வணக்கம். என்னிடம் இருப்பது யமஹா பான்ஷி 350, நாலு சக்கர குவாட் வண்டி. ரெண்டு ஸ்ட்ரோக், இரட்டை சிலிண்டர், ஆறு கியர், கையால் பிடிக்கும் கிளட்ச். கைமாறி வந்த வண்டி என்பதால் கியர் பாக்ஸில் என்ன ஆயில் கிடக்கிறது, எந்தக் காலத்தில் மாற்றியது என்று எதுவும் தெரியாது.

தொல்லை இதுதான்: வண்டி ஆறிக் கிடக்கும்போது கிளட்சை முழுக்கப் பிடித்து முதல் கியர் போட்டால் 'டொக்' என்று ஒரு குலுக்கல். அப்புறம் கிளட்சை விடாமலே மெல்ல ஊர்கிறது. நின்ற இடத்தில் நியூட்ரல் விழ மாட்டேன் என்கிறது, இன்ஜினை நிறுத்தினால்தான் விழுகிறது.

கையேட்டில் 10டபிள்யூ-30, எஸ்இ தர இன்ஜின் ஆயில் என்று போட்டிருக்கிறது. எஸ்இ என்று அச்சடித்த டப்பாவை இன்றைக்கு எங்கே தேடுவது? கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். பைக்குக்கான 10டபிள்யூ-40, டீசல் வண்டிக்கான 15டபிள்யூ-40, கியர் ஆயில் 80டபிள்யூ-90, ஆட்டோமேட்டிக் காரின் கியர் பாக்ஸுக்கான ஏடிஎஃப். நாலும் சரியாக இருக்க முடியாதே?

பழைய_இரும்பு

எதை ஊற்றுவது என்பதை அப்புறம் பேசலாம் தம்பி. உள்ளே கிடப்பதை முதலில் வெளியே எடுத்துப் பாருங்கள். பாதி பதில் அதில்தான் இருக்கும்.

வண்டியைச் சற்று ஓட்டிச் சூடாக்கிவிட்டு ட்ரெயின் போல்ட்டைக் கழற்றுங்கள். சூட்டில்தான் அடியில் தங்கிய கசடும் சேர்ந்து வரும். வெள்ளைத் தட்டில் பிடித்தால் நிறம் நன்றாகத் தெரியும். ஒரு காந்தத்தை ஆயிலுக்குள் விட்டு இழுங்கள். சாம்பல் நிறத்தில் பசை போல ஒட்டினால் அது வழக்கமான தேய்மானம், கவலை இல்லை. விரலில் உருட்டும்போது கூராகக் குத்துகிற துணுக்கு வந்தால் கியர் பல்லிலிருந்து ஏதோ உடைந்திருக்கிறது. பொன் நிறத்தில் மினுமினுப்பாக மிதந்து, காந்தத்தில் ஒட்டாமல் இருந்தால் பித்தளை, வெண்கலப் புஷ் தேய்கிறது. கறுப்பாக நார் நாராக வந்தால் கிளட்ச் பிளேட். காபி கலந்த பால் நிறம் என்றால் தண்ணீர்.

இன்னொன்று, வந்த ஆயிலை அளவு ஜாடியில் ஊற்றி எவ்வளவு என்று குறித்து வையுங்கள். இதை யாரும் செய்வதில்லை. ஆனால் ரெண்டு ஸ்ட்ரோக் வண்டிக்கு இது முக்கியம், காரணம் பிறகு சொல்கிறேன்.

போல்ட்டைத் திரும்பப் போடும்போது புது வாஷர் போடுங்கள். கேஸ் அலுமினியம். புஜபலத்தைக் காட்டினால் மரை உருவிக்கொண்டு வந்துவிடும்.

கிளட்ச்காரன்

ஆயில் கேள்விக்கு நான் வருகிறேன்.

நாலு ஸ்ட்ரோக் குவாட் பலவற்றில் இன்ஜினுக்கும் கியருக்கும் கிளட்சுக்கும் ஒரே ஆயில்தான். உங்கள் வண்டியில் அப்படி இல்லை. இன்ஜினுக்கான ஆயில் பெட்ரோலோடு போய் எரிந்துவிடுகிறது. கியர் பாக்ஸில் இருப்பது தனி ஆயில், அதற்குக் கரியோ எரிந்த கழிவோ பார்க்கிற வேலை இல்லை. ஆனால் கிளட்ச் அதே ஆயிலில் முங்கித்தான் சுழல்கிறது. கியர் பல்லுக்கு வழுக்க வேண்டும், கிளட்ச் பிளேட்டுக்கு வழுக்கக் கூடாது. இந்த ரெண்டையும் ஒரே திரவம் செய்ய வேண்டும் என்பதுதான் மொத்தச் சிக்கலும்.

இப்போது எஸ்இ கதைக்கு வருவோம். அமெரிக்கப் பெட்ரோலிய அமைப்பான ஏபிஐ-யின் தர வரிசையில் எஸ்இ என்பது 1970-களின் கார்களுக்கான தரம், 1980-க்கு முந்தைய இன்ஜின்களுக்கானது. எஸ்எஃப், எஸ்ஜி என்று அதற்குப் பின் நிறைய வந்துவிட்டன. புதிய தரம் பழைய தரத்தின் வேலையைச் செய்யும் என்பதுதான் பொது விதி. கார் இன்ஜினுக்கு அது சரி. கிளட்சுக்கு அப்படிச் சொல்ல முடியாது. எரிபொருள் மிச்சப்படுத்துவதற்காகப் பிற்காலக் கார் ஆயில்களில் உராய்வைக் குறைக்கும் சேர்மங்களைச் சேர்த்தார்கள், மாலிப்டினம் அதில் ஒன்று. பைக் கிளட்ச் வழுக்க ஆரம்பித்தது. அதனால்தான் ஜப்பானில் 1998-ல் ஜாசோ டி903 என்ற தனித் தரத்தைக் கொண்டுவந்தார்கள். எம்ஏ என்றால் ஈரக் கிளட்சுக்கு ஏற்றது. எம்பி என்றால் உராய்வு குறைவு, ஈரக் கிளட்ச் இல்லாத ஸ்கூட்டர் வகைகளுக்கு. 2006-ல் எம்ஏ-வையே எம்ஏ1, எம்ஏ2 என்று பிரித்தார்கள். எம்ஏ2-வில் பிடிப்பு அதிகம்.

உங்கள் கையேடு எழுதிய காலத்தில் ஜாசோ கிடையாது, அதனால் அதில் அந்தப் பேச்சே இருக்காது. வேடிக்கை என்னவென்றால், கையேடு சொல்கிற அதே 10டபிள்யூ-30 எண்ணைப் பார்த்து இன்றைய கார் டப்பாவை எடுத்தால்தான் ஆபத்து. உராய்வு குறைப்பான் சேர்ப்பது பெரும்பாலும் 30-ம் அதற்குக் கீழுள்ள மெல்லிய ரகங்களிலும்தான். டப்பாவின் பின்பக்கம் ஏபிஐ வட்ட முத்திரையின் கீழ்ப் பாதியில் 'ரிசோர்ஸ் கன்சர்விங்' என்றோ, பழைய டப்பாவாக இருந்தால் 'எனர்ஜி கன்சர்விங்' என்றோ எழுதியிருந்தால் அதைத் தொடாதீர்கள்.

என் ஓட்டு: ஜாசோ எம்ஏ2 முத்திரை உள்ள 10டபிள்யூ-40. கம்பெனி எதுவானாலும் சரி.

திராட்டில்_திருகி

இவ்வளவு பாடம் எதற்கு? டைப் எஃப் ஏடிஎஃப் ஊற்றுங்கள், முடிந்தது. பான்ஷியை நேர்கோட்டுப் பந்தயத்தில் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் அதைத்தான் ஊற்றுகிறார்கள். கிளட்ச் 'டக்'கென்று பிடிக்கும், 'டக்'கென்று விடும். ஊர்கிற தொல்லை அன்றைக்கே போய்விடும்.

கிளட்ச்காரன்

டைப் எஃப் பற்றி அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அது ஃபோர்டு கொண்டுவந்த பழைய ரகம், அதில் உராய்வு குறைப்பான் கிடையாது. அதனால் கிளட்ச் நன்றாகப் பிடிக்கும். ஆனால் 'ஏடிஎஃப்' என்று மட்டும் காதில் வாங்கிக்கொண்டு டெக்ஸ்ரான் வகையை ஊற்றிவிடாதீர்கள். அதில் மென்மையாக கியர் மாறுவதற்காக உராய்வு குறைப்பான் சேர்த்தே வரும். ரெண்டும் சிவப்பு, ரெண்டும் ஏடிஎஃப், குணம் வேறு.

பழைய_இரும்பு

டைப் எஃப் ஊற்றலாம், யாரும் அடிக்க வர மாட்டார்கள். ஆனால் பந்தயக்காரர் ஊற்றுகிறார் என்றால் அவர் எத்தனை தடவை மாற்றுகிறார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சில நூறு மீட்டர் ஓடுவதும், சூட்டில் பாறை மேட்டில் முதல் கியரிலேயே மணிக்கணக்கில் முக்குவதும் ஒன்றல்ல. ஏடிஎஃப் கொதி சூட்டில், அதாவது 100 டிகிரியில், சுமார் 7 சென்டிஸ்டோக் தடிமன்தான். எஸ்ஏஇ 40 ஆயில், அதாவது 10டபிள்யூ-40-ல் வருகிற அந்த 40, அதே சூட்டில் 12.5-லிருந்து 16.3-க்குள் இருக்க வேண்டும். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. தேய்ந்த பழைய பல்லுக்கு நடுவில் எது தாங்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

திராட்டில்_திருகி

நீங்கள் சொல்கிற 10டபிள்யூ-40 கியர் பாக்ஸுக்குள் எவ்வளவு நாள் 40-ஆகவே இருக்கும் என்று நினைக்கிறீர்கள் அண்ணே?

பழைய_இரும்பு

நல்ல கேள்வி. ரொம்ப நாள் இருக்காது, ஒத்துக்கொள்கிறேன். 10டபிள்யூ-40 மாதிரிப் பன்ரக ஆயிலில் சூட்டிலும் தடிமனைக் காப்பாற்ற நீளமான பாலிமர் சங்கிலிகளைச் சேர்க்கிறார்கள். கியர் பற்கள் அதைக் கடித்துக் கடித்து நறுக்கிவிடும். கொஞ்ச காலத்தில் 40 என்பது 30-க்கு இறங்கிவிடும். அப்போதும் உங்கள் ஏடிஎஃப்பை விடத் தடிமனாகத்தான் இருக்கும்.

அதற்காகத்தான் ரெண்டு ஸ்ட்ரோக் கியர் பாக்ஸுக்கென்றே சில ஆயில்கள் வருகின்றன. மோட்டுல் டிரான்ஸ்ஆயில், பெல்ரே கியர் சேவர் 80டபிள்யூ மாதிரி. ஈரக் கிளட்சை மனதில் வைத்துச் செய்தவை. கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு ஊற்றலாம். கிடைக்கவில்லை என்றால் எம்ஏ2 பைக் ஆயிலை ஊற்றி, அடிக்கடி மாற்றுவதே போதும். இந்தப் பாக்ஸ் குடிப்பதே ஒன்றரை லிட்டர்தான்.

சேறும்_சகதியும்

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும், நான் புதுசு. ரெண்டு ஸ்ட்ரோக் வண்டிதானே, டப்பாவில் ரெண்டு ஸ்ட்ரோக் ஆயில் என்று இருப்பதையே கியர் பாக்ஸிலும் ஊற்றினால் என்ன?

கிளட்ச்காரன்

வேண்டாம். அது பெட்ரோலோடு கலந்து எரிந்து போவதற்காகச் செய்தது. பல்லும் பல்லும் அழுத்துகிற இடத்தில் அதனால் தாங்க முடியாது.

மலைமேடு

நான் கார் டிஃபரன்ஷியலுக்கு ஊற்றும் 80டபிள்யூ-90, ஜிஎல்-5தான் ரொம்ப காலமாக ஊற்றுகிறேன். வேறு ரெண்டு ஸ்ட்ரோக் குவாட், ஆனால் அமைப்பு இதேதான். கியர் சத்தமே கேட்காது. கியருக்குக் கியர் ஆயில்தானே ஊற்ற வேண்டும்? 90 என்றால் 40-ஐ விட ரெண்டு மடங்குக்கு மேல் பலம்.

கிளட்ச்காரன்

அந்த 90-ம் இந்த 40-ம் ஒரே அளவுகோலில் இல்லை. இன்ஜின் ஆயிலுக்கு எஸ்ஏஇ ஜே300 என்று ஒரு அட்டவணை, கியர் ஆயிலுக்கு ஜே306 என்று வேறொன்று. குழப்பம் வரக் கூடாது என்றே எண்களைத் தூரத் தூர வைத்தார்கள், அதுவே குழப்பமாகிவிட்டது. கியர் ஆயில் 90 என்பது 100 டிகிரியில் 13.5-லிருந்து 18.5 சென்டிஸ்டோக். மேலே சொன்ன 40-ன் எல்லையோடு ஒப்பிட்டுப் பாருங்கள், பாதிக்கு மேல் ஒன்றின் மேல் ஒன்று படிந்தே கிடக்கிறது. 80டபிள்யூ என்பதைப் பார்த்து மிரளவும் வேண்டாம், அது மெல்லிய ரகம்தான்.

ஆகவே உங்கள் ஆயிலில் நான் பயப்படுவது தடிமனை அல்ல, ஜிஎல்-5 என்ற அந்தக் கியர் ஆயில் தரத்தை. கார் டிஃபரன்ஷியலில் இருக்கும் ஹைபாய்ட் கியரில் பல் மேல் பல் உருளுவதோடு இழுபடவும் செய்யும். அந்த அழுத்தத்தைத் தாங்க கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த சேர்மத்தை ஜிஎல்-4-ல் இருப்பதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு சேர்ப்பார்கள். நம் கியர் பாக்ஸில் ஹைபாய்ட் கியரே இல்லை, நேர்ப் பல்தான். தேவையில்லாத அந்த மருந்து சூட்டில் பித்தளை, வெண்கலப் பாகங்களை அரிக்கலாம், கிளட்ச் பிளேட்டின் பிடிப்பையும் கெடுக்கலாம். எல்லா ஜிஎல்-5-ம் அப்படிச் செய்யும் என்று சொல்ல மாட்டேன். உங்களுக்கு ஓடுகிறது, சரி. இன்னொருவருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பழைய_இரும்பு

சத்தம் கேட்காமல் இருப்பதில் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. தடித்த ஆயில் தேய்ந்த பேரிங்கின் முனகலை அமுக்கிவிடும், தேய்மானத்தை நிறுத்தாது. எனக்கு அந்த முனகல் காதில் விழ வேண்டும்.

புழுதிப்பாதை

வடித்துவிட்டேன். பழைய_இரும்பு அண்ணன் சொன்ன மாதிரியே வெள்ளைத் தட்டில் பிடித்தேன். முதலில் ஒரு கரண்டி அளவு தண்ணீர் தனியாகச் சொட்டியது, அதற்குப் பின்னால் சாம்பல் கலந்த பால் நிறத்தில் கூழ் மாதிரி இறங்கியது. காந்தத்தில் பசை மட்டும்தான், துணுக்கு எதுவும் இல்லை. நாரும் கொஞ்சம் இருக்கிறது. ஆயில் ஊற்றும் மூடியின் உள்பக்கம் வெண்ணெய் தடவியது போல இருந்தது.

அளந்தும் பார்த்தேன். தண்ணீரோடு சேர்த்தே 1.2 லிட்டர் தேறவில்லை. கையேட்டில் மாற்றும்போது 1.5 என்று இருக்கிறது.

பழைய_இரும்பு

அப்படியென்றால் உங்கள் கிளட்ச் ஊர்வதற்கு முதல் காரணம் கிடைத்துவிட்டது. தண்ணீர் கலந்த கூழ் பிளேட்டுக்கு நடுவில் பசையாக நிற்கிறது, ஆறிக் கிடக்கும்போது பிரிய மறுக்கிறது. இதில் எந்த ஆயிலை ஊற்றினாலும் மறுபடி இதே கூழ்தான் ஆகும்.

தண்ணீர் வர மூன்று வழி. ஆற்றில், ஓடையில் இறக்கினால் கியர் பாக்ஸின் மூச்சுக் குழாய் வழியாக உறிஞ்சும். சூடான கேஸ் சட்டென்று தண்ணீரில் குளிரும்போது உள்ளே காற்று சுருங்கி இழுக்கும், அதனால் குழாய் முனை மேலே ஹேண்டில் பக்கம் வரை போகிறதா என்று பாருங்கள். ரெண்டாவது, ஓட்டாமல் நிறுத்திப்போட்ட வண்டியில் வேர்த்துச் சேரும் ஈரம், ஆனால் அது மூடியில் படிகிற அளவுதான் வரும், கரண்டி கணக்கில் வராது. மூன்றாவது, எனக்கு அதிகம் சந்தேகம் உள்ளது, வாட்டர் பம்ப். பான்ஷியில் அது வலது பக்கக் கிளட்ச் மூடியிலேயே இருக்கிறது. அதன் தண்டில் உள்ள சீல் போனால் கூலண்ட் நேராக கியர் ஆயிலுக்குள் இறங்கும். ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள், இன்ஜின் ஆறின பிறகு. மட்டம் இறங்கியிருந்தால் பம்ப்தான்.

திராட்டில்_திருகி

கூலண்டா? அப்படியென்றால் கிளட்ச் பிளேட்டையும் மாற்றிவிடுங்கள். கூலண்டில் உள்ள கிளைக்கால் பிளேட்டில் ஒட்டின உராய்வுப் பொருளின் பசையைக் கெடுத்துவிடும். இதில் நானும் அண்ணனும் ஒரே கட்சி.

சங்கிலி_இல்லாதவன்

என் வண்டி கவாசகி ப்ரூட் ஃபோர்ஸ் 750, பெல்ட் வகை, ஷாஃப்ட் ட்ரைவ். பழையதுதான். இங்கே சொல்வதையெல்லாம் நானும் பின்பற்றலாமா?

கிளட்ச்காரன்

இன்ஜின் ஆயில் பற்றிச் சொன்னது ஓரளவு பொருந்தும். ஆனால் பின் டிஃபரன்ஷியலில் கவனம். அதற்குள்ளேயே பிரேக் தட்டுகள் ஆயிலில் முங்கி ஓடுகின்றன. சாதாரண ஜிஎல்-5 கியர் ஆயில் ஊற்றினால் பிரேக் கீச்சிடும், நடுங்கும். டிராக்டர்களின் ஈர பிரேக்குக்கான மொபில்ஃப்ளூயிட் 424 மாதிரி ஒன்றுதான் அதற்கு. முன் டிஃபரன்ஷியலுக்கு கையேட்டில் என்ன இருக்கிறதோ அதை ஊற்றுங்கள், ரெண்டையும் ஒன்றாக நினைக்காதீர்கள். விரிவாகக் கேட்க வேண்டுமென்றால் தனி இழை தொடங்குங்கள், இது பான்ஷி பக்கமே போகட்டும்.

புழுதிப்பாதை

ரேடியேட்டரில் உள்ளே எட்டிப் பார்த்தால் கூலண்டே கண்ணில் படவில்லை. கிளட்ச் மூடியைக் கழற்றிவிட்டேன். பம்ப் தண்டு சீலின் உதடு கல்லாக இறுகிப்போயிருந்தது, தண்டிலும் விரல் நகம் தட்டுகிற அளவுக்கு ஒரு வரி விழுந்திருக்கிறது. தண்டு, சீல், பேக்கிங் மூன்றையும் மாற்றினேன்.

கிளட்சை வெளியே எடுத்தபோது இன்னொன்றையும் பார்த்தேன். பிளேட்டின் காதுகள் உட்காரும் கூடையின் விரல்களில் பல் பல்லாகக் குழி. பிளேட் அந்தக் குழியில் மாட்டிக்கொள்கிறது. இதுவும் ஊர்வதற்குக் காரணமாக இருக்குமா?

கிளட்ச்காரன்

கட்டாயம் இருக்கும். கிளட்சைப் பிடித்தால் பிளேட்டுகள் கூடைக்குள் வழுக்கி விலக வேண்டும், குழியில் மாட்டினால் எப்படி விலகும்? குழி ஆழம் குறைவென்றால் நைஸ் அரத்தால் சமமாகத் தேய்த்துவிடலாம். எல்லா விரலிலும் ஒரே அளவு தேய்க்க வேண்டும், இல்லாவிட்டால் ஓரிரண்டு விரல் மட்டுமே சுமையைத் தாங்கும். ஆழமாக இருந்தால் கூடையையே மாற்றுங்கள். ஸ்பிரிங் நீளத்தையும் கையேட்டோடு ஒப்பிடுங்கள்.

புது பிளேட்டை உலர்வாகப் போடாதீர்கள். ஊற்றப் போகிற அதே ஆயிலில் ஒரு ராத்திரி ஊறவைத்துப் போடுங்கள்.

மலைமேடு

கிளட்ச் கேபிளையும் பார்க்கச் சொல்லுங்கள். நெம்புகோல் முனையில் பிளே, அதாவது தளர்வு, அதிகம் இருந்தால் முழுக்கப் பிடித்தாலும் கிளட்ச் முழுக்கப் பிரியாது. பிளேயே இல்லாமல் இறுக்கிவிட்டால் எப்போதும் அரைப் பிடியில் வழுக்கும். நிறையப் பேர் இதைப் பார்க்காமல் ஆயிலைத் திட்டிக்கொண்டிருப்பார்கள்.

புழுதிப்பாதை

எல்லாம் போட்டாயிற்று. முதலில் விலை குறைந்த எம்ஏ ஆயிலை ஊற்றிக் கொஞ்சம் ஓட்டி, உள்ளே தங்கின பால் போகும்வரை வடித்தேன். பிறகு எம்ஏ2 10டபிள்யூ-40, அளந்து 1.5 லிட்டர். இப்போது முதல் கியர் விழும்போது சின்ன 'க்ளிக்' மட்டும்தான். நின்ற இடத்தில், இன்ஜின் ஓடும்போதே, நியூட்ரல் விழுகிறது. ஆறின வண்டியில் இன்னும் துளி ஊர்கிறது, சூடானால் இல்லை.

ஆனால் ஒன்று. வலது பக்க சைலன்சரில் மட்டும் வெண்புகை, சூடான பிறகும் நிற்கவில்லை. வலது பிளக் ஈரமாக, கறுப்பாக இருக்கிறது. இடது பிளக் நல்ல பழுப்பு நிறம். முன்பும் இந்தப் புகை இருந்தது, கூலண்ட் எரிகிறது என்று நினைத்திருந்தேன். இப்போது ரேடியேட்டர் மட்டம் இறங்கவே இல்லை.

பழைய_இரும்பு

ஆயிலை அளக்கச் சொன்னதற்குக் காரணம் இதுதான். உங்கள் பாக்ஸில் தண்ணீர் சேர்ந்தும் அளவு குறைவாக வந்தது, வெளியே எங்கும் ஒழுகல் இல்லை. அப்படியானால் ஆயில் எங்கே போயிற்று? கிராங்கின் வலது பக்க சீலைத் தாண்டி இன்ஜினுக்குள் போயிருக்கிறது. ரெண்டு ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் மேலே ஏறும்போதெல்லாம் கிராங்க் அறையில் வெற்றிடம் உண்டாகும், சீல் தளர்ந்திருந்தால் பக்கத்தில் இருக்கிற கியர் ஆயிலை உறிஞ்சி எரிக்கும். வலது சிலிண்டர் மட்டும் புகைவதும் அதனால்தான், கிளட்ச் பக்கம் அதுதானே. இடது பக்க சீல் போனால் கதை வேறு, அங்கே ஆயில் இல்லை, காற்றை இழுக்கும், கலவை மெலிந்து பிஸ்டன் வெந்துபோகும். ஒரு பக்கம் போயிருந்தால் மறுபக்கத்துக்கும் அதே வயதுதான்.

ஊகித்துப் பிரிக்க வேண்டாம். அழுத்தச் சோதனை செய்யுங்கள். சைலன்சரைக் கழற்றி ரெண்டு வாயையும் ரப்பர் தகடு வைத்து அடையுங்கள், கார்பரேட்டரைக் கழற்றி உள்வழியையும் அடையுங்கள். 6 பிஎஸ்ஐ காற்று ஏற்றி 6 நிமிடம் நிற்கிறதா பாருங்கள். அதற்கு மேல் ஏற்றாதீர்கள், நல்ல சீலும் பிதுங்கிவிடும். இறங்கினால் கியர் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து அந்த வாயில் சோப்பு நுரை தடவுங்கள். நுரை பொங்கினால் வலது சீல்தான், சந்தேகமே வேண்டாம்.

புழுதிப்பாதை

தகடு வெட்டிக்கொண்டிருக்கிறேன் அண்ணே. ரெண்டு சிலிண்டரையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டுமா, சேர்த்தா?

பழைய_இரும்பு

கார்பரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவில் உள்ள ரப்பர் குழாய்கள் ரெண்டையும் இணைத்து ஒரு சின்னக் குழாய் ஓடும், கவனித்தீர்களா? அது இருந்தால் ஒரு பக்கம் ஏற்றுகிற காற்று மறுபக்கமும் போகும். முதலில் சேர்த்தே பாருங்கள். இறங்கினால் அந்தக் குழாயை எடுத்துவிட்டு ரெண்டு முனையையும் அடைத்து, வலது பக்கத்தை மட்டும் பாருங்கள். கிராங்கின் நடுச் சீல் வழியாக அப்போதும் கொஞ்சம் கசியலாம், அதனால் அழுத்தமானியின் முள்ளை மட்டும் நம்பாமல் நுரை எங்கே பொங்குகிறது என்று பார்த்து எழுதுங்கள்.